ஏரியிலும் ஊர் உண்டு, சேரி உண்டு

டிக்கெட் எடுத்தால் சாதி கேட்க மாட்டான். வலை எடுத்தால் கேட்பான்.

பழவேற்காடு ஏரியைப் பற்றி நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். நிலம், கூலி, சுடுகாட்டுப் பாதை, இரட்டைக் குவளை என்று ஆயிரம் பிரச்சினை இருக்கும்போது, லீவு நாளில் படகுச் சவாரி போகிறவனையும் பொழுது போகாமல் தூண்டில் போடுகிறவனையும் பற்றி ஒரு தலித் பத்திரிகையில் எழுத என்ன இருக்கிறது என்று தோழர்கள் கேட்கலாம். இருக்கிறது. உல்லாசம் நடக்கிற இடத்தில் சாதி சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருக்கும். அதை அங்கே பார்ப்பது சுலபம்.

2010ஆம் வருஷம். பேங்க் வேலையில் சேர்ந்த புதிது. எங்கள் கிளையிலிருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பழவேற்காட்டுக்கு டூர் போனோம். பொன்னேரி வழியாக வேன். புளிசாதம், உருளைக்கிழங்கு வறுவல், சீட்டுக் கட்டு. டச்சுக்காரன் கல்லறைகளைப் பார்த்துவிட்டு, கரையில் பேரம் பேசி, முகத்துவாரம் வரை போய்வர ஒரு பைபர் படகை வாடகைக்கு எடுத்தோம். பதினைந்து பேர் ஏறினோம். லைஃப் ஜாக்கெட் ஒன்றுகூட இல்லை. யாரும் கேட்கவும் இல்லை. எங்கள் அதிகாரி ஒருவர் ரீல் வைத்த புதுத் தூண்டில் ஒன்றைக் கொண்டு வந்திருந்தார். யாரோ வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்து கொடுத்தது.

ஆழம் குறைந்த இடத்தில் ஏழெட்டு இருளர் பெண்கள் இறால் தடவிக்கொண்டிருந்தார்கள். தெரியாத தோழர்களுக்காகச் சொல்கிறேன். அவர்களிடம் வலை கிடையாது. படகு கிடையாது. மார்பளவு தண்ணீரில் குந்தி உட்கார்ந்து, நகர்ந்து நகர்ந்து, சேற்றுக்குள் கையைவிட்டுத் தடவி இறாலைப் பிடிப்பார்கள். இரண்டு கையும் சேற்றில் இருப்பதால், பிடித்ததைப் போடுகிற பறியை, பனையோலைப் பையை, பல்லால் கவ்விக்கொண்டிருப்பார்கள். மணிக்கணக்கில்.

படகுக்காரர் அவர்களைப் பார்த்துக் கத்தினார். "ஏய், பாட்டாண்ட இன்னா வேல? அந்தாண்ட போங்க!" அடுத்த நொடியே எங்கள் பக்கம் திரும்பி, "நீங்க நல்லா சாஞ்சு உக்காருங்க சார்" என்றார். அதிகாரியின் தூண்டிலில் விரல் நீளத்துக்கு ஒரு கெளுத்தி மாட்டியது. போட்டோ எடுத்துக்கொண்டார். "பாவம், பொழச்சுப் போகட்டும்" என்று தண்ணீரிலேயே விட்டார். படகில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். கூட வந்த ஒருவர் அந்தப் பெண்களைக் காட்டி, "இவங்களுக்கென்ன சார், தெனம் பிக்னிக்தான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இதையும் எழுதத்தான் வேண்டும்.

திரும்பி வரும்போது வேனில் உறைத்தது. நான் பறையன். படகில் ஏறும்போது என்னை யாரும் சாதி கேட்கவில்லை. காசு கொடுத்தேன், ஏறினேன். ஆனால் என் பெரியம்மா வீட்டு அண்ணன் ஏரிக்கரைச் சேரியில் பெண் எடுத்தவர். மாமனாரோடு சேர்ந்து இறால் தடவப் போவார். "ஏண்ணே, வலை கட்டினா என்ன?" என்று ஒருமுறை கேட்டிருக்கிறேன். "பாடு நம்மளுது இல்லடா" என்றார். அவ்வளவுதான். இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை என்பதுபோல் பீடி பற்றவைத்துக்கொண்டார்.

*

பாடு என்றால் என்ன? முகத்துவாரத்துப் பக்கம், கடலிலிருந்து ஏரிக்கும் ஏரியிலிருந்து கடலுக்கும் இறால் போய்வருகிற வழியில், வலை கட்டுகிற இடங்கள். இந்த இடங்களில் யார், எந்த நாளில், எங்கே வலை கட்டுவது என்பதைக் குப்பத்துப் பஞ்சாயத்து முறைவைத்து, சீட்டுப் போட்டுப் பிரித்துக் கொடுக்கும். இன்று நல்ல இடம் கிடைத்தவனுக்கு நாளை சுமாரான இடம். ஒருத்தனே அள்ளிக்கொண்டு போக முடியாது. ஏரியும் அழியாது. தலைமுறை தலைமுறையாக இது நடக்கிறது.

கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! அதனால்தான் ஆராய்ச்சிக்காரர்கள் வந்து வந்து எழுதுகிறார்கள். பொதுச் சொத்தைச் சமூகமே கட்டிக்காக்கிற மரபு, கிராமத்து ஞானம், சூழலியல் நீதி என்கிறார்கள். சுற்றுச்சூழல் நண்பர்கள் மேடையில் இதைச் சொல்லும்போது நமக்கே கைதட்டத் தோன்றும். ஆனால் அந்த 'சமூகம்' யார்? பட்டினவர் சாதியில், குறிப்பிட்ட குப்பங்களில், தலைக்கட்டு உரிமையோடு பிறந்த ஆண்கள். தலித் இல்லை. இருளர் இல்லை. அதே குப்பத்துப் பெண்களும் இல்லை. மற்ற இடங்களில் மற்ற வலை போட்டுக்கொள்ளலாம், கையால் தடவிக்கொள்ளலாம். இறால் கூட்டமாக வருகிற வாசலில் மட்டும் நிற்கக் கூடாது. கோயிலுக்கு வெளியே நின்று கும்பிட்டுக்கொள் என்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

ஊருக்குள் சமத்துவம், சேரிக்கு வெளிவாசல். நிலத்தில் நாம் பார்த்துப் பழகிய அதே படம், இங்கே தண்ணீருக்குள் இருக்கிறது. தண்ணீரில் கோடு தெரியாது என்பதால் பார்க்கிறவர்களுக்குத் தெரிவதில்லை. கோடு போட்டவனுக்குத் தெரியும். கோட்டைத் தாண்டி அடிவாங்கியவனுக்கும் தெரியும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பட்டினவர்கள் ஜமீன்தார்கள் இல்லை. அவர்களும் உழைக்கிறவர்கள். கடலில் செத்துப்போகிறவர்கள். எண்ணூர்ப் பக்கம் வந்த அனல்மின் நிலையமும் துறைமுகமும் அவர்கள் பிழைப்பிலும்தான் மண் போட்டன. மேல்சாதிக்காரர்களும் அதிகாரிகளும் அவர்களையும் நாற்றமடிக்கிறவர்கள் என்றுதான் ஒதுக்கினார்கள். இதெல்லாம் உண்மை. ஒதுக்கப்பட்டவன் இன்னொருவனை ஒதுக்கமாட்டான் என்பதுதான் பொய். சாதி படிக்கட்டு மாதிரி, ஒவ்வொரு படிக்கும் கீழே மிதிக்க ஒரு படி உண்டு என்று அம்பேத்கரைப் படித்த நமக்கு யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

*

இந்த ஏரிக்குள் இப்போது வாடகைப் படகும் வேடிக்கைத் தூண்டிலும் வந்திருக்கின்றன.

தூண்டில் என்பது நம்ம ஊரில் ஏழையின் கருவி. மூங்கில் கழி, நரம்பு, மண்புழு, சாயங்காலக் குழம்புக்கு நாலு மீன். இதை 'விளையாட்டு' ஆக்கியவன் வெள்ளைக்காரன். சென்னை மாகாணத்தில் ஐ.சி.எஸ். அதிகாரியாக இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873-ல் இந்தியாவில் தூண்டில் போடுவது பற்றி ஆங்கிலத்தில் ஒரு புத்தகமே எழுதினார். 1879-ல் நீலகிரி வேட்டை விலங்கு மற்றும் மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இனி துரை சுட்டால், தூண்டில் போட்டால் அது ஸ்போர்ட். மலையில் பிறந்தவன் பசிக்குப் பிடித்தால் அது திருட்டு. லைசென்ஸ் இருப்பவன் கண்ணியவான், இல்லாதவன் களவாணி. மீன் ஒன்றுதான். பிடிக்கிறவன் வயிற்றைப் பொறுத்து அதன் பெயர் மாறுகிறது.

துரை போய்விட்டார். தூண்டில் போகவில்லை. கடற்கரை ரிசார்ட்டுகளில் 'மீன்பிடி அனுபவம்' என்று விற்கிறார்கள். பிடித்துப் போட்டோ எடுத்துத் திரும்ப விட்டுவிடுவது நாகரிகம் என்கிறார்கள். ரொம்பச் சரி, மீனுக்கு இரக்கம் காட்டுங்கள். ஆனால் திரும்ப விட முடிகிறவன், சாயங்காலம் வீட்டில் உலை காத்திராதவன். வாயில் பறியைக் கவ்விக்கொண்டிருக்கிறவள் ஒரு இறாலைக்கூடத் திரும்ப விட முடியாது. அவள் பிடிப்பதை 'ஏரியை அழிக்கிறது' என்று சொல்கிற நாக்கும், ரிசார்ட்காரன் பிடிப்பதை 'இயற்கையோடு இணைதல்' என்று சொல்கிற நாக்கும் பல நேரம் ஒரே வாயில்தான் இருக்கின்றன.

உல்லாசமே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. சில முற்போக்கு நண்பர்கள் அப்படிப் பேசுவார்கள். நாள் முழுக்கப் பாடுபடுகிற சனம் ஒருநாள் படகில் போனால் என்ன? நம்ம பிள்ளைகளும் போகட்டும். கால் நீட்டி உட்காரட்டும். காற்று வாங்கட்டும். 1927 மார்ச் 20 அன்று மகாத் சவுதார் குளத்தில் அம்பேத்கர் தண்ணீரை அள்ளிக் குடித்தது தாகத்துக்காக மட்டும் இல்லை. மற்றவர்களைப் போல நாமும் மனிதர்கள் என்று நிலைநாட்டத்தான். பொழுதுபோக்கும் மனித உரிமைதான். ஆனால் வாடிக்கையாளனாக மட்டும் உள்ளே வா, உரிமைக்காரனாக வராதே என்கிறார்களே, அதைத்தான் ஏற்க முடியாது.

*

பழவேற்காட்டுக்கு வருகிறவர்கள் கட்டாயம் பார்ப்பது டச்சுக் கல்லறைகள். வாசலில் எலும்புக்கூடு செதுக்கியிருக்கும், அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுப்பார்கள். 1613-ல் கட்டிய கெல்ட்ரியா கோட்டை இருந்த இடத்தைக் காட்டுவார்கள். துணி வியாபாரம், மிளகு, பீங்கான் என்று கதை சொல்வார்கள். 17ஆம் நூற்றாண்டில் இதே கரையிலிருந்து டச்சுக் கம்பெனி ஆயிரக்கணக்கான மனிதர்களை அடிமைகளாகக் கப்பலேற்றி படேவியாவுக்கு அனுப்பியதைச் சொல்ல மாட்டார்கள். பஞ்சத்தில் விற்கப்பட்டவர்கள், பிடித்து வரப்பட்டவர்கள். வியாபாரிக்கு இங்கே செதுக்கிய கல்லறை இருக்கிறது. விற்கப்பட்டவனுக்கு ஒரு கல்கூட இல்லை. இந்தக் கரையில் வாடகை கொடுத்துப் படகேறியவர்கள் உண்டு, விலைபோய்ப் படகேறியவர்களும் உண்டு. சுற்றுலா என்றால் முதலாமவர்களின் கதை மட்டும்தான்.

எங்கள் டூருக்கு அடுத்த வருஷம், 2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் அன்று, பழவேற்காட்டில் சுற்றுலா வந்தவர்களை ஏற்றிப்போன படகு கவிழ்ந்தது. குழந்தைகள் உட்பட 22 பேர் செத்துப்போனார்கள். டி.வி.யில் பார்த்தபோது எனக்குக் கை நடுங்கியது. அதே மாதிரிப் படகு. அதே முகத்துவாரம். நாங்களும் அப்படித்தானே போனோம்?

நிர்வாகம் என்ன செய்தது? சுற்றுலாப் படகுக்குத் தடை போட்டது. தடை போடுவதுதான் அரசுக்கு இருப்பதிலேயே சுலபமான வேலை. ஒரு பலகை நட்டால் போதும். பலகைக்குப் பின்னாலேயே படகு ஓடுகிறது என்று செய்தித்தாள்களில் திரும்பத் திரும்ப எழுதினார்கள். ஜாக்கெட் இல்லை, இன்சூரன்ஸ் இல்லை, எத்தனை பேர் ஏறலாம் என்ற கணக்கு இல்லை.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. உரிமம் என்று ஒன்று இருந்தால்தான் அதில் பங்கு கேட்க முடியும். உரிமமே இல்லாமல் கள்ளத்தனமாக நடக்கிற தொழிலில், யாரிடம் படகு இருக்கிறதோ, யாருக்குக் கரையில் ஆள்பலம் இருக்கிறதோ, அவன் வைத்ததுதான் சட்டம். தலித்தும் இருளரும் யாரிடம் போய் எங்கள் பங்கு எங்கே என்று கேட்பது? இல்லாத லைசென்ஸில் இட ஒதுக்கீடு உண்டா? ஆக, தடை என்பது சாதிக்கு எதிரானதும் இல்லை, சாவுக்கு எதிரானதும் இல்லை. இருக்கிறவனுக்கே இருக்கட்டும் என்பதுதான் அதன் பலன்.

சரி, அரசே நடத்துகிற இடங்கள் எப்படி? முட்டுக்காட்டில் 1984 முதல் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுக் குழாம் இருக்கிறது. பிச்சாவரத்திலும் இருக்கிறது. அங்கே டிக்கெட் உண்டு, ஜாக்கெட் உண்டு, ரசீது உண்டு. நல்லது. 1975-ல் 'இதயக்கனி' படப்பிடிப்பு நடந்ததிலிருந்து பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காடு ஊருக்கெல்லாம் தெரியும். கிள்ளைப் பக்கம் எம்.ஜி.ஆர். நகர் என்றே ஓர் இருளர் குடியிருப்பு உண்டு. அந்தக் காட்டின் ஓடைகளில் கையால் மீன் பிடித்து வாழ்கிற சனம். இருளர் என்று சாதிச் சான்றிதழ் வாங்கவே அவர்கள் வருஷக்கணக்கில் ஆபீஸ் ஆபீஸாக நடந்தார்கள். 2022-ல் பிச்சாவரம் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது, உலகம் பாராட்டியது. காட்டுக்கு சர்டிபிகேட் கிடைத்துவிட்டது. காட்டில் மீன் பிடிக்கிறவன் இன்னும் தாலுகா ஆபீஸ் வாசலில் நிற்கிறான்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். தகவல் உரிமைச் சட்டம் 2005-லிருந்து இருக்கிறது. பத்து ரூபாய் செலவு. படகுக் குழாம்களில் படகு ஓட்டுகிறவர்கள், டிக்கெட் கொடுக்கிறவர்கள், கடை ஏலம் எடுத்தவர்கள், இவர்களில் தாழ்த்தப்பட்டோர் எத்தனை, பழங்குடியினர் எத்தனை என்று எழுதிக் கேளுங்கள். கூட்டிப் பெருக்குகிறவர்களையும் கழிப்பறை கழுவுகிறவர்களையும் தனிப் பத்தியில் கேளுங்கள். வருகிற பதிலை இந்தப் பத்திரிகைக்கு அனுப்புங்கள், போடுவோம்.

*

இனி என் மேசைக்கு வருகிறேன்.

சில வருஷத்துக்கு முன், நான் வேலை பார்க்கிற கிளைக்கு ஒரு பையன் வந்தான். ஏரிக்கரைப் பக்கத்துச் சேரி. ஐ.டி.ஐ. படித்தவன். பழைய பைபர் படகு ஒன்று விலைக்கு வருகிறது, லோன் வேண்டும் என்றான். சேரியிலிருந்து வருகிற விண்ணப்பம் என்றால் கறவை மாடு, ஆட்டோ, பெட்டிக்கடை என்று எழுதிப் பழகிய கை என் கை. படகு என்று எழுதியது அன்றுதான் முதல்முறை. ஃபாரத்தில் ஒரு கட்டம்: மீனவர் கூட்டுறவுச் சங்க உறுப்பினர் எண். அவனிடம் இல்லை. அவன் ஊரில் சங்கம் இருக்கிறது, சேரி அதில் இல்லை. மேலே அனுப்பினேன், திரும்பி வந்தது. அதிகாரி அவனைக் கூப்பிட்டுச் சொன்னார்: "தம்பி, நீ மீனவர் இல்லையேப்பா."

அவன் கேட்டான்: "சார், எங்க அப்பா முப்பது வருஷமா ஏரியில எறால்தான் புடிக்கிறாரு. வேற ஒண்ணும் தெரியாது. அப்ப அவரு யாரு சார்?"

அதிகாரிக்குப் பதில் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. நான் அந்த ஃபாரத்தில் 'திருப்பி அனுப்பப்பட்டது' என்று சீல் குத்தினேன். அதே வாரம் கடலோரமாக விருந்தினர் விடுதி கட்ட ஒருவர் கேட்ட கடன் என் மேசையைத் தாண்டிப் போனது. அவர் மீனவரா என்று ஃபாரத்தில் எந்தக் கட்டமும் கேட்கவில்லை.

மீனவர் என்பது நம் நாட்டில் தொழிலா, சாதியா? பிழைப்பைப் பார்த்தால் தொழில், சலுகை என்று வரும்போது சாதி. 2004 சுனாமியில் இதைக் கண்ணால் பார்த்தோம். படகு போனவனுக்கு நிவாரணம், வலை போனவனுக்கு நிவாரணம். கையால் பிடித்தவளுக்கு என்ன போயிற்று என்று எழுதுவது? கை இருக்கிறதே! தலித்துகளும் இருளர்களும் பட்டியலில் விடுபட்டார்கள். முகாமிலும் ஒதுக்கப்பட்டார்கள். அலைக்குத் தெரியாத சாதி அரிசி மூட்டைக்குத் தெரிந்திருந்தது.

நான் கவிதை எழுதுகிறவன். அந்தப் பெண்கள் பறியைக் கவ்வியிருந்ததை வைத்து ஒரு கவிதை எழுத உட்கார்ந்தேன். நாலு வரி வந்தது. நன்றாகவும் இருந்தது. பிறகு தோன்றியது, வாயில் பறி இருக்கும்வரை அவள் பேச முடியாது. படகுக்காரர் கத்தியபோதும் அவள் பதில் சொல்லாதது பயத்தால் மட்டும் இல்லை, வாயைத் திறந்தால் அன்றைய கூலி தண்ணீரில் போய்விடும். அதைப் போய் அழகு என்று எழுதுகிறேனே என்று கிழித்துப் போட்டேன். அதற்குப் பதிலாகத்தான் இந்தக் கட்டுரை.

*

1892-ல் பஞ்சமி நிலம் வந்தது. அதற்குக் காரணமான அறிக்கையை எழுதிய திரமென்ஹீர் செங்கல்பட்டு கலெக்டராக இருந்தவர். பழவேற்காடு அடங்கிய பொன்னேரி தாலுகாவும் அன்று செங்கல்பட்டு மாவட்டம்தான். பறையருக்கு நிலம் இல்லாததுதான் அடிமைத்தனத்தின் வேர் என்று அவர் கண்டார். அந்த நிலத்தை மீட்கத்தான் 1994 அக்டோபர் 10 அன்று காரணைப் போராட்டத்தில் ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிக் குண்டுக்கு உயிர் கொடுத்தார்கள். நிலம் நமக்கு வரவில்லை, ஆனால் நிலம் நம்முடையது என்று சொல்லக் கையில் ஒரு காகிதமாவது இருக்கிறது.

தண்ணீருக்கு அந்தக் காகிதமும் இல்லை. பஞ்சமி நிலம் உண்டு, பஞ்சமி நீர் எங்கே? ஏரியில், கழிமுகத்தில், உப்பங்கழியில், கடற்கரை மணலில் நமக்கென்று யாரும் ஒரு சாண் அளந்து வைக்கவில்லை. நாமும் கேட்கவில்லை. இப்போது அந்த மணலையும் தண்ணீரையும் சுற்றுலாவுக்கு அளக்கிறார்கள். 2019 கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை, ஜனநெருக்கம் உள்ள கிராமப்புறக் கரையில் கட்டடம் கூடாத எல்லையை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகக் குறைத்தது. கடற்கரையில் தற்காலிகச் சுற்றுலாக் குடில்களுக்கும் வழிவிட்டது. அளந்து முடித்த பிறகு போய்க் கேட்டால், பெருக்குகிற வேலை தருவார்கள்.

வழி இல்லாமல் இல்லை. 2006 வன உரிமைச் சட்டம் 3(1)(ஈ) பிரிவு, நீர்நிலைகளின் மீன் மீதும் சமூக உரிமை உண்டு என்று சொல்கிறது. சுரபுன்னைக் காடும் காடுதான். பிச்சாவரத்தில் கிராமசபை கூட்டி அந்த உரிமையைக் கேட்டு மனுப் போட வேண்டும். இன்னொரு முன்னுதாரணமும் உண்டு. 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு பாம்புத் தோல் வியாபாரம் நின்று இருளர் பிழைப்பு போனது. 1978-ல் மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. அரசே அவர்களுக்கு உரிமம் கொடுத்தது. விஷம் எடுத்து விற்கிறார்கள், பாம்பைத் திரும்ப விடுகிறார்கள். பாம்பு பிடிக்க இருளருக்கு லைசென்ஸ் கொடுக்க முடிந்த அரசுக்கு, இறால் பிடிக்க, படகு ஓட்ட லைசென்ஸ் கொடுப்பதில் என்ன கஷ்டம்?

ஆகவே நாம் கேட்க வேண்டியவை: மீன்பிடிக் கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினர் ஆக, பிடிக்கிற தொழில் மட்டுமே தகுதியாக இருக்க வேண்டும், பிறப்பு கூடாது. கையால் பிடிக்கிற பெண்களின் பெயர் மீனவர் பட்டியலிலும் நிவாரணப் பட்டியலிலும் வர வேண்டும். சுற்றுலாப் படகைத் தடை என்ற பெயரில் கள்ளத்தனமாக ஓடவிடாமல், ஜாக்கெட், இன்சூரன்ஸ், ஆள் கணக்கோடு உரிமம் கொடுக்க வேண்டும். அந்த உரிமங்களில் தலித், இருளர் கூட்டுறவுகளுக்குப் பங்கு ஒதுக்க வேண்டும். துடுப்புப் போடுகிற கூலியாக இல்லை, படகின் சொந்தக்காரராக.

பாட்டை உடைத்தால் ஏரி அழியும் என்பார்கள். ஏரியை அழிப்பது மண்மூடுகிற முகத்துவாரமும் ஆலைக் கழிவும்தான், இருளர் கை இல்லை. அதோடு பாட்டை உடைக்கச் சொல்லவில்லை, திறக்கச் சொல்கிறோம். சீட்டுப் போடுகிற பானையில் இன்னும் நாலு பெயரைப் போட்டால் பானை உடையாது. மீனவ மக்களைச் சண்டைக்கு இழுக்கிறீர்கள் என்பார்கள். இல்லை. துறைமுகத்துக்கு எதிராக அவர்கள் போராடும்போது நாம் கூட நிற்போம், நிற்க வேண்டும். ஆனால் போராட்டப் பந்தலில் பக்கத்தில் உட்காரலாம், பாட்டில் பக்கத்தில் நிற்கக் கூடாது என்றால் அந்த ஒற்றுமைக்கு ஆயுள் எவ்வளவு? அதையும் பந்தலிலேயே உட்கார்ந்து அவர்களிடம் பேசுவோம்.

அந்தப் பையன் இப்போது கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் காண்ட்ராக்ட் கூலி. போன மாசம் சம்பளக் கணக்கு விஷயமாகக் கவுன்ட்டருக்கு வந்தான். பாஸ்புக்கில் என்ட்ரி போட்டுக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு கொஞ்சம் நின்றான்.

"சார், அந்தப் படகு லோன் ஃபாரத்துல அந்தக் கட்டத்த எடுத்துட்டாங்களா?"

"இல்லப்பா" என்றேன். இன்னும் எடுக்கவில்லை.